ஏணியின் கால் சைஸ்

கால்பந்துக் கழகத்தின் உடை மாற்றும் அறைக்குள் நுழையும்போது ஏணி தலையைக் குனிந்துதான் நுழைவான். கதவு நிலைக்கும் அவன் தலைமுடிக்கும் நடுவே இரண்டு பந்துகளை அடுக்கி வைக்கலாம், அவ்வளவு இடம் கிடக்கிறது. ஆனாலும் குனிவான். தகரக் கொட்டகையாக இருந்த பழைய அறையில் நெற்றியைப் பலமுறை பிளந்துகொண்ட பழக்கம். கொட்டகையை இடித்து, புது அறை கட்டி, யானை நுழைகிற மாதிரி கதவும் வைத்தாயிற்று. அவன் கழுத்துக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

பின்னாலேயே வருகிற குண்டூசிதான் உண்மையில் குனிய வேண்டியவன். அவன் நிமிர்ந்து நுழைந்துவிட்டு, "பாத்துடா ஏணி, வானம் இடிச்சிரப் போவுது" என்பான். ஏணி சிரிப்பான். அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. வந்திருந்தாலும் அது அவனிடம் வந்து சேர்வதற்குள் விளையாட்டு முடிந்திருக்கும்.

பதினெட்டைத் தொடப்போகிற ஒருவனுக்கு ஏணி என்று பட்டப்பெயர் இருந்தால், கேட்பவர்கள் அண்ணாந்து பார்க்கத் தயாராகிவிடுகிறார்கள். அப்புறம் பார்வையைக் கீழே இறக்கி, "இவனா?" என்று திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பு தினமும் நடக்கிறது. அவன் தோள்கள் அகலம், கழுத்து கட்டை, மீசை ஒரு குடும்பத் தலைவருக்கு உரியது. உயரம் மட்டும் நடுத்தரம். அணியில் நிற்கவைத்து வரிசைப்படுத்தினால் குட்டையானவர்கள் பக்கம்தான் அவன் இடம்.

பெயர் வந்தது பன்னிரண்டு வயதில். இதே உயரம், இதே தோள், கிட்டத்தட்ட இதே மீசை, ஆனால் பன்னிரண்டு வயதில். ஒரு போட்டிக்கு வந்த நடுவர் நேராக அவனிடம் போய்க் கைகுலுக்கி, "உங்க பசங்க எங்க சார், நேரமாச்சு" என்று கேட்டார். ஏணியும் மரியாதையாக, "ஷூ மாட்டிட்டு இருக்காங்க சார்" என்றான். இன்னொரு முறை எதிர் அணிப் பையனின் அம்மா மைதானத்துக்குள்ளேயே வந்து மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அந்தாளு கூட எம்புள்ள ஆட மாட்டான். அவருக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கும்."

அந்த நாட்களில் அணிக்கு ஒரே திட்டம்தான்: ஏணிக்குப் போடு. கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். பந்து ஏணியின் மார்பில் வந்து விழும். கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல எதிர் அணிப் பொடியன்கள் அவன் சட்டையில் தொங்குவார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் அவன் பந்தை உள்ளே தள்ளுவான். கோல் போட்டதும் தொங்கியவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவான். கோச் அவன் முதுகில் தட்டி, "உடம்பு மேல இருந்தே வந்துருச்சு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பார். ஜெயித்துக்கொண்டே இருந்ததில் மிச்சத்தைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு நீண்ட பள்ளி விடுமுறை வந்தது. அது முடிந்த முதல் நாள் பயிற்சியில் ஏணி குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒரு தடித்த குரல், "என்னடா ஏணி, சாப்ட்டியா?" என்றது. புது கோச் யாரோ என்று அவன் விறைப்பாக எழுந்து நின்றான். எதிரே குண்டூசி. கால்சட்டை நழுவாமலிருக்கச் சணல் கட்டிக்கொண்டு வந்த, ஏணியின் கக்கத்துக்குக் கீழே ஓடிப் பழகிய அதே குண்டூசி. இப்போது ஏணியின் கண் மட்டத்தில் அவன் தொண்டைக்குழி இருந்தது. அது பேசும்போது ஏறி இறங்கியது. ஏணி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிப் பார்த்தால் ஒருவர் இரண்டு பேர் அல்ல. எல்லோரும். அவனிடம் யாரும் சொல்லாமல் ஒட்டுமொத்தமாக எங்கோ போய் வளர்ந்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

பிள்ளைகளின் முட்டியையும் தொடையையும் கவனிக்கிற பிசியோ அக்காவிடம் போய்க் கேட்டான். மாதாமாதம் எல்லோருடைய உயரத்தையும் எடையையும் எடுக்கிறவர் அவர்தான்.

"நீ நின்னுட்டடா. அவ்ளோதான். சில பேருக்கு வண்டி சீக்கிரம் வரும், சில பேருக்கு லேட்டா வரும்."

"அப்ப என் வண்டி?"

"அது ஊர் போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு."

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா."

அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற தொழில். தெருமுனையில் ஒரு ஷட்டர் கடை, உள்ளே ஒரு மெஷின், ஒரு மின்விசிறி, சுவரெல்லாம் தொங்குகிற அரைகுறைச் சட்டைகள். வளர்கிற பிள்ளை என்கிற நம்பிக்கையில்தான் அந்தக் கடையே ஓடுகிறது. எந்தக் கால்சட்டையாக இருந்தாலும் உள்ளே நாலு விரல் துணி மடித்து விட்டுத்தான் தைப்பார். "வளர்ற புள்ளைங்க. வர்ற வருஷம் பிரிச்சி விட்டுக்கலாம்." ஊர்ப் பிள்ளைகளுக்கே அப்படி என்றால் சொந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டுமா? பன்னிரண்டு வயதுவரை ஏணியின் கால் பிசாசு மாதிரி வளர்ந்தது. வாங்கிய பூட்ஸ் போட்டு முடிப்பதற்குள் கடித்தது. ஒருநாள் கட்டைவிரல் நகம் கறுத்து, ரத்தம் கட்டி வீட்டுக்கு வந்தான். அதைப் பார்த்து அம்மா அழுத அழுகையில், அவனுக்கு வலியே மறந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு விரதம் மாதிரி வைத்துக்கொண்டார்: வாங்கினால் ஒரு சைஸ் பெரிது.

அவன் பயிற்சியில் இருக்கும்போது அவரே கடைக்குப் போய் வாங்கிவந்துவிடுவார். போன தடவை எட்டா, இந்தத் தடவை ஒன்பது. போன தடவை ஒன்பதா, இந்தத் தடவை பத்து. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும்போது அவர் முகம் இருக்கிற இருப்பைப் பார்த்தால், வண்டி ஊர் போய்ச் சேர்ந்த விஷயத்தை யாருக்குச் சொல்ல வரும்? "சரியா இருக்காடா?" என்பார். "சூப்பர்மா" என்பான்.

அதனால் அவனுக்குச் சில வினோதப் பழக்கங்கள் உண்டாயின. அறையில் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பூட்ஸ் மாட்டுவான். இரண்டு ஜோடிக் காலுறை. கயிற்றைப் பாதத்துக்கு அடியில் இரண்டு சுற்று சுற்றி, கணுக்காலில் ஒரு சுற்று. ஓடும்போது சப்பு சப்பென்று ஒரு சத்தம் வரும். பெரிய ஆளுக்குப் பெரிய கால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கால்களுக்குப் படகு என்று தனிப்பெயரும் வைத்தாயிற்று.

பந்து மட்டும் அவன் காலில் நிற்கவே நிற்காது. யார் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் அவன் காலில் பட்டதும் எதிரிக்குப் போய்விடும். உடம்பால் ஜெயித்த காலத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் வளர்ந்த பிறகு அது மட்டுமே தெரிந்தது. கோச் தொண்டை கிழியக் கத்துவார். "காலா அது, கதவா? பந்து வந்தா வாங்குடா, ஏன்டா விரட்டுற?" ஏணி கையைத் தூக்கி, "சாரி சார்" என்பான். மறுபடியும் விரட்டுவான்.

இந்த ஆண்டுதான் கடைசி. பதினெட்டு ஆகிவிட்டால் இங்கே இரண்டே வழி. பெரியவர்கள் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏழெட்டு வயதிலிருந்து இந்தப் புல்லைத் தவிர வேறு எதையும் மிதிக்காதவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. பெரியவர்கள் அணியின் கோச் ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், கோச் ஏணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒளிக்காம சொல்றேன். உன் பேரு ஊசலாடிட்டு இருக்கு. எதையாவது பண்ணிக் காட்டு. இல்லைன்னா அம்மா கடையில பட்டன் தைக்கப் போக வேண்டியதுதான்."

"நல்லா தைப்பேன் சார்."

"வாய் மட்டும் வளந்துட்டே இருக்கு பாரு."

அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் ஏணி காட்டியது, வழக்கமான விரட்டல்தான். பெரிய கோச் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவன் இருந்த பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். பாதி முடியப்போகிற நேரத்தில் ஏணியின் வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. நொண்டிக்கொண்டே அறைக்கு வந்தான்.

"என் பையில ஒரு பழசு கெடக்கு" என்றான் குண்டூசி. "ஒரு மாசம்கூடப் போடல, அதுக்குள்ள கால் வளந்துருச்சு. ஆனா அது எட்டு. படகு அதுல எங்க நுழையும்?"

"கழட்டு, பாக்கலாம்" என்று பிசியோ அக்கா அவன் முன்னால் குந்தினார்.

"வேணாங்கா, நானே—"

அதற்குள் அவர் விரல் பூட்ஸின் முனையை அழுத்திவிட்டது. முனை உள்ளே போனது. கையில்லாத கையுறையை அழுத்தினால் போவதுபோல, தடுக்க எதுவுமில்லாமல் போனது. அக்கா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, பூட்ஸை உருவி, தலைகீழாகத் தட்டினார். ஒரு துணிச்சுருள் விழுந்தது. நீலக் கட்டம். தட்டினார். இன்னொன்று, காக்கி. வெள்ளை. சாம்பல். பச்சைக் கோடு. வட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள் அத்தனையும் அந்தப் பூட்ஸுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மந்திரக்காரன் தொப்பியிலிருந்து எடுக்கிறமாதிரி வந்துகொண்டே இருந்ததில் பையன்கள் உருண்டு சிரித்தார்கள். குண்டூசி, "அடுத்து புறா வரும்டா" என்றான். கடைசிச் சுருள் விழுந்ததும் அக்கா இரண்டு காலுறைகளையும் கழற்றி, அவன் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது. அது சின்னப் பாதம். விரல்கள் எல்லாம் உள்நோக்கி மடங்கி, எதையோ பிடித்துக்கொண்டு தொங்குகிற மாதிரி இறுகியிருந்தன. பூட்ஸ் கழன்றுவிடாமல் பல வருஷமாகப் பிடித்துப் பிடித்தே அவை அப்படி ஆகியிருந்தன.

குண்டூசியின் பழைய பூட்ஸை மாட்டினார்கள். எட்டு. வார்த்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

உயரம் அளந்திருக்கிறார்கள், எடை போட்டிருக்கிறார்கள், தொடையைச் சுற்றி நாடா பிடித்திருக்கிறார்கள், ஓடவிட்டு மூச்சை எண்ணியிருக்கிறார்கள். கால்பந்து ஆட வந்தவனின் காலை ஒருவரும் பார்க்கவில்லை. பிசியோ அக்கா அவன் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். கோச் பிளந்துபோன பூட்ஸுக்குள் கையை விட்டு, முனைவரை விரல்களை நீட்டிப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்பவுமே இப்படித்தான் சார்."

"சொல்றதுக்கு என்னடா?"

ஏணி அக்காவைப் பார்த்தான். அக்கா பாதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "பழகிருச்சு சார்" என்றான்.

காதில் விழுந்த வார்த்தை உள்ளே போய்ச் சேர கோச்சுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் ஆண்டுக்கணக்கில் திட்டியது எதை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் பாதிக்கு விசில் ஊதிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ போய் எழுப்ப வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஏணி போய் நாலு கோல் போட்டிருப்பான் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். நடந்தது வேறு. முதல் பந்து அழகாக அவன் காலுக்கு வந்தது. ஓங்கி உதைத்தான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் கால் காற்றை உதைத்துவிட்டு மேலே போய், ஆளையும் தூக்கி மல்லாக்கப் போட்டது. ஒரு விரற்கடை நீளமான காலோடு வளர்ந்தவனுக்கு, தன் சொந்தக் கால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மல்லாந்து கிடந்தவன் எழுந்திருக்காமல் தன் பூட்ஸின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேயைப் பார்த்த முகம்.

பெரிய கோச் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். கோச் அவர் பின்னாலேயே வண்டி நிறுத்துமிடம்வரை ஓடினார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத மனுஷர். "ஒரு மாசம் குடுங்க சார். இவனை நான் இன்னும் பாக்கவே இல்ல."

அந்த ஒரு மாதமும் ஏணி பொடியன்களோடு சேர்ந்து பந்தை நிறுத்தப் பழகினான். மீசை வைத்த ஆள், வரிசையில் ஒன்பது வயதுக்காரனுக்குப் பின்னால் நின்று தன் முறைக்காகக் காத்திருப்பான். "அண்ணே, பந்தை மிதிக்காதீங்கண்ணே, அதுக்கு வலிக்கும்" என்று ஒரு வாண்டு சொல்லிக்கொடுத்தது. "சரி சார்" என்றான் ஏணி. முதல் வாரம் பாதத்தில் தசைப்பிடிப்பு. மடங்கிய விரல்களை அக்கா தினமும் ஒவ்வொன்றாக நீவி நேராக்கினார். ஒரு நாள் வேகமாக வந்த பந்து அவன் காலில் பட்டு, எங்கேயும் போகாமல் அங்கேயே நின்றது. வாண்டுகள் கைதட்டின. ஏணி பந்தைத் தொடவில்லை. அது தானாகப் போய்விடுமோ என்று காத்திருந்தான். போகவில்லை.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பிளந்த பத்தாம் நம்பரை அம்மா தடித்த ஊசியால் தைத்துக் கொடுத்திருந்தார். அதைத்தான் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவான். மைதானத்தில் அது ஒரு மூலையில் தூங்கும். மாலையில் குழாயடியில் மண்ணைக் குழைத்து அதில் அப்புவான். குண்டூசி அருகில் நின்று, "முனையில இன்னும் கொஞ்சம் அடி. ரொம்ப ஓடின மாதிரி தெரியணும்" என்று மேற்பார்வை செய்வான்.

மாதம் முடிந்து பெரிய கோச் மறுபடி வந்தார். முதல் பாதி முழுக்க ஏணி பெஞ்சில். இடைவேளையில் கோச் வந்து, "இப்ப நீ" என்றார். அவன் எழுந்து கைகால்களை உதறிக்கொண்டிருந்தபோது வேலியோரம் அம்மா நின்றிருந்தார். ஒரு நாளும் மைதானத்துக்கு வராத அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். கக்கத்தில் ஒரு பெட்டி.

"இன்னிக்குதான் முடிவு பண்றாங்கன்னு உடுப்பு வாங்க வந்த அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. நீ ஏன்டா சொல்லல? தச்ச ஷூவோடவா பெரியவங்க முன்னாடி ஆடுவ?" பெட்டியைத் திறந்து காட்டினார். புத்தம் புதுசு. "பெரியவங்க டீமுல்ல, அதான் பதினொண்ணா வாங்கிட்டேன். போடு, போட்டுக்கிட்டுப் போ."

குண்டூசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விசில்காரர் மைதானத்துக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஏணி பெட்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "சூப்பரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, காலில் இருந்ததன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

உதவ அம்மாவும் குந்தினார். அவன் குதிகாலைப் பிடித்தார். பிடித்த கை நின்றது. துணி உடம்பில் எங்கே சரியாக உட்கார்கிறது என்று பார்த்தே காலம் தள்ளிய கை அது. பூட்ஸின் முனையை அழுத்தினார். அங்கே விரல் இருந்தது. பக்கவாட்டில் அழுத்தினார். அங்கேயும் கால் இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இது யாரோடது?"

"குண்டூசியோட பழசும்மா. சும்மா, இன்னிக்கு மட்டும்."

"எட்டா?"

"ம்."

அவர் தன் பெட்டியைப் பார்த்தார். பிறகு பிள்ளையை, உச்சந்தலையிலிருந்து கால்வரை, ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து இழுத்து, முடிச்சுப் போட்டு, அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "போ. கூப்பிடறாங்க பாரு."

கோல் எதுவும் அவன் போடவில்லை. ஒரே ஒரு பந்து. கோல்கீப்பர் பழைய ஞாபகத்தில் வானத்துக்கு உதைத்த பந்து. அது கீழே வந்தபோது ஏணி மார்பை நீட்டவில்லை, யாரையும் இடிக்கவில்லை, காலைத் தூக்கினான். பந்து அவன் பாதத்தில் வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அது எகிறும் என்று எதிர்பார்த்து வேறு திசையில் ஓடிவிட்டார்கள். அவன் திரும்பி, ஓடுகிற குண்டூசிக்கு முன்னால் அதைப் பதமாகத் தள்ளினான். குண்டூசி முடித்தான்.

பெரிய கோச்சின் கைகள் பைக்குள்ளிருந்து வெளியே வந்தன. "அன்னிக்குப் பாத்தவனா இவன்? புதுசால்ல இருக்கான்."

"சின்ன வயசுலேர்ந்து இங்கதான் சார் இருக்கான்" என்றார் கோச்.

ஆட்டம் முடிந்ததும் பெரிய கோச் ஏணியிடம் வந்து, "ஒரு சீசன் இரு. பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பையன்கள் அவன் மேல் விழுந்து புரண்டதில் அவன் மூச்சு முட்டிப்போனான். எல்லோரையும் தள்ளிவிட்டு எழுந்து வந்தால், அம்மா பெஞ்சில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டாங்கம்மா."

"கேட்டுச்சு." பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "இதைத் திருப்பிக் குடுத்துரலாம். இன்னும் மண் படல. கடைக்காரர் மாத்திக் குடுப்பாரு."

ஏணி பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் போட்ட இரட்டை முடிச்சை அவிழ்த்து, எட்டாம் நம்பரைக் கழற்றி, குண்டூசியின் மடியில் வைத்தான். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தான்.

"டேய், அது உனக்கு ரொம்பப் பெருசுடா" என்றான் குண்டூசி.

"வளருவேன்."

இரண்டு கால்களையும் உள்ளே விட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினான். எழுந்து தரையில் ஒரு மிதி மிதித்து, அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தடுக்கிவிடாமலிருக்க முழங்கால்களை நன்றாகத் தூக்கித் தூக்கி வைத்து, சாலையை நோக்கி அவரோடு நடந்தான்.